நெல் குடோனுக்கு மென்பொருள் போடப் போகிறீர்களா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறுவடைக்கு நடுவில் குடோன் மென்பொருளைத் தொடங்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது ஒன்றை மறக்க வேண்டாம். வாசலில் ஏழு லாரி நிற்கும்போது கணக்குப்பிள்ளை புதுத் திரையில் ரகத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அன்று மாலையே அவர் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். பிறகு அவரைத் திரைக்குக் கொண்டுவர இன்னொரு பருவம் ஆகும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல், அரிசி, உரம், பயறு வைத்து குடோன் நடத்துகிறவர்களுக்கும் அரிசி ஆலைக்காரர்களுக்கும் இது. முதல்முறையாக இறங்குகிறவர்கள் பணத்தையும் ஒரு பருவத்தையும் இழக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

1. முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

ஒரே குடோன், நாற்பது ஐம்பது பொருள், நாளைக்குப் பத்து வண்டிக்குள் என்றால் தனி மென்பொருள் வேண்டாம். டேலி கணக்கு மென்பொருளிலேயே குடோன்வாரியாகவும் பேட்ச்வாரியாகவும் (ஒன்றாக வந்த சரக்குத் தொகுதிவாரியாகவும்) இருப்பு வைக்க வழி இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் அதை ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள்.

மூன்று இடத்தில் குடோன் இருந்தாலோ, அடுத்தவர் சரக்கையும் வாடகைக்கு வைத்திருந்தாலோ, முதலில் வந்த நெல் முதலில் போகாமல் மூலையில் தங்கி வண்டு விழுந்தாலோ தனி மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. கணக்குப்பிள்ளை ஒரு நாள் லீவு போட்டால் எந்த அட்டியிலிருந்து (அடுக்கி வைத்த மூட்டைக் குவியலிலிருந்து) ஏற்றுவது என்று தெரியாமல் லோடு நிற்கிறதா? நின்றால் தேவை வந்துவிட்டது.

திருட்டைப் பிடிக்க என்று வாங்காதீர்கள். எழுதியதைத்தான் மென்பொருள் சொல்லும். எழுதாமல் போன மூட்டையைப் பிடிக்க கேட் நோட்டும் கேமராவும் எடைமேடைச் சீட்டும்தான் வேண்டும்.

2. காலத்தைக் குறியுங்கள்

2022 முதல் நெல் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-ஆம் தேதியே தொடங்குகிறது. குறுவை அப்போது வந்து இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மின்வெட்டு, புயல் பயம். ஜனவரி முதல் மார்ச் வரை சம்பா, தாளடி. மார்ச் கடைசியில் ஆடிட்டருக்கும் வங்கிக்கும் ஓட வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை.

ஏப்ரலில் முகவரிப் பலகையும் பொருள் பட்டியலும். மே மாதம் டெமோ பார்த்து முடிவு. ஜூனில் அமைப்பு வேலை. ஜூலையில் ஒரே ஒரு குடோனில் வெள்ளோட்டம். ஆகஸ்ட் முதல் வாரம் முழு ஓட்டம். ஆகஸ்ட் 25-க்குப் பிறகு எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஆகஸ்டைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரல்தான். தீபாவளிக்குள் முடித்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. குடோனுக்கு முகவரி போடுங்கள்

இது மென்பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. செலவு ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் சில தகரப் பலகைகளும்தான். ஆனால் மொத்தத் திட்டமும் இதன்மேல்தான் நிற்கிறது.

நம் குடோன்களில் ரேக் கிடையாது, அட்டிதான். அதனால் ஒவ்வோர் அட்டி நிற்கும் இடத்துக்கும் ஒரு முகவரி. "ரயிலடி குடோன்", "பழைய குடோன்" என்ற வழக்குப் பெயர்களை மாற்ற வேண்டாம். அவற்றோடு ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும். ரயிலடி குடோன் 2 என்றால், அதில் மூன்றாம் வரிசை, ஐந்தாம் இடம் 2-03-05. பூஜ்யத்தைப் போட்டே எழுதுங்கள். 2-3-5 என்று ஒருவரும் 2-03-05 என்று ஒருவரும் எழுதினால் கணினிக்கு அது இரண்டு இடம்.

தரையில் கோடு போடும்போது சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் போகும் வழி விடுங்கள். பூச்சி பார்க்கவும், மருந்து அடிக்கவும், எண்ணவும் அது வேண்டும். வாசலுக்கருகே மூன்று தனி இடங்களும் வேண்டும்: ஈர மூட்டைக்கு, கிழிந்த சாக்குக்கு, சிந்திய நெல்லுக்கு. இந்த மூன்றுக்கும் முகவரி இல்லாத குடோனில் மாதக் கடைசிக் கணக்கு ஒருநாளும் சேராது.

4. பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். குறைவாக ஒதுக்கினால் பிறகு இரண்டு மாதம் போகும்.

உங்கள் பழைய நோட்டில் "பிபிடி", "ஆந்திரா பொன்னி", "பாபட்லா" என்று மூன்று பெயர் இருக்கும். மூன்றும் பிபிடி 5204 தான். "சாவித்திரி", "பொன்மணி", "சிஆர் 1009" மூன்றும் ஒரே ரகம். ஆனால் சிஆர் 1009 சப்-1 தனி ரகம். அதை இதோடு சேர்த்துவிடக் கூடாது. ஏடிடி 36, ஏடிடி 43, ஏடிடி 45 மூன்றையும் "ஆடுதுறை" என்று ஒரே பெயரில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. எது எங்கே சேரும், எது பிரியும் என்பதை மென்பொருள்காரர் முடிவு செய்யக் கூடாது. நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து ரகம் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஒரு ரகத்துக்கு ஒரு குறியீடு, ஒரு பெயர். மற்றப் பெயர்களைத் தேடும் சொற்களாக வையுங்கள். "பாபட்லா" என்று அடித்தாலும் பிபிடி 5204 வர வேண்டும்.

பழைய எக்செல் கோப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஏற்றாதீர்கள். புது மென்பொருளில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்த பிறகு ஏற்றுங்கள். மாற்றியில் கொம்பும் ஒற்றும் இடம் மாறுவது சகஜம்.

5. எடை, சாக்கு, ஈரம்

கடையில் விற்கும் பெரும்பாலான மென்பொருள் சோப்புப் பெட்டியை நினைத்து எழுதப்பட்டது. நூறு பெட்டி வந்தால் நூறு பெட்டி இருக்கும். நெல் அப்படி இருப்பதில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். 60 கிலோ மூட்டை 600. மொத்தம் 36,000 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதம். காய்ந்து 14 சதவீதத்துக்கு வருகிறது. நெல்லில் உள்ள காய்ந்த பங்கு 83 சதவீதமாக இருந்தது 86 ஆகிவிட்டது. 36,000-ஐ 83-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 34,744 கிலோ. ஒரு மணி நெல்கூடத் தொலையாமல் 1,256 கிலோ குறைந்திருக்கிறது. ஏறக்குறைய 21 மூட்டை எடை. மென்பொருளில் ஈரப்பதத்துக்கு இடம் இல்லையென்றால் இந்த 21 மூட்டையும் "பற்றாக்குறை" என்று சிவப்பில் வரும். பழி குடோன் காப்பாளர் தலையில் விழும்.

சாக்கும் அப்படியே. புதுச் சணல் சாக்கு ஒன்று 580 கிராம். 600 சாக்குக்கு 348 கிலோ. எடைமேடைச் சீட்டு சாக்கோடு சேர்த்துச் சொல்லும், கொள்முதல் பில் நெல்லை மட்டும் சொல்லும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் லோடுக்கு லோடு ஆறு மூட்டை வித்தியாசம் காட்டும்.

அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒன்றாக வந்து இறங்கிய சரக்குக்கும்) மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை, ஈரப்பதம், ஈரம் பார்த்த தேதி என்று ஆறு கட்டம் தனித்தனியாக வேண்டும். மூட்டையிலிருந்து எடையைத் தானாகப் பெருக்கிக்கொள்ளும் வசதியை நிறுத்தி வையுங்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, தனியார் வியாபாரத்தில் 60, 62, 75 என்று ஊருக்கு ஒரு மூட்டை. அரிசியில் 25-ம் உண்டு, 26-ம் உண்டு. "மூட்டை" என்பது எண்ண மட்டும், கணக்குக்குக் கிலோ. இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

6. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

விற்பனையாளரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: தூண், வாசல், உயரம் குறித்த குடோன் வரைபடம்; அறுவடைக் காலத்தில் ஒரு வாரமும் சாதாரணக் காலத்தில் ஒரு வாரமும் வந்து போன எல்லாச் சீட்டுகளின் நகல்; எடைமேடையின் முத்திரைச் சான்று; உணவுப் பாதுகாப்பு உரிமம்; வங்கிக்குக் கடைசியாகக் கொடுத்த மூன்று ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (இருப்பு அறிக்கை); காப்பீட்டுப் பாலிசி.

ஜிஎஸ்டி பதிவுச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். சரக்கு வைக்கும் ஒவ்வொரு குடோனும் அதில் கூடுதல் வணிக இடமாக ஏறியிருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த குடோன் அநேகமாக விட்டுப்போயிருக்கும். மென்பொருளில் அந்தக் குடோனை உருவாக்குவதற்கு முன் சான்றில் சேர்த்துவிடுங்கள்.

காரைக்காலுக்குச் சரக்கு போகிறதா? நமக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் வரிக்கு வேறு மாநிலம். தமிழ்நாட்டின் எண் 33, புதுச்சேரியின் எண் 34. வரி உள்ள சரக்குக்குத் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலேயே. முகவரியில் "காரைக்கால்" என்று எழுதிவிட்டு மாநிலத்தை 33 என்று விட்டால் மென்பொருள் எச்சரிக்காது, வண்டி வழியில் நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலில் இந்த ஒரு கட்டத்தை மென்பொருளை நம்பாமல் நீங்களே கண்ணால் சரிபாருங்கள்.

உரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானிய உரத்தை பாயின்ட் ஆஃப் சேல் கருவியில்தான் விற்க வேண்டும். அந்தக் கருவி காட்டும் இருப்பும் உங்கள் மென்பொருள் இருப்பும் தினமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். இரண்டும் தானாக இணைந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

7. டெமோவை உங்கள் சரக்கோடு பாருங்கள்

விற்பனையாளரின் மாதிரிச் சரக்கில் எல்லாமே அழகாக ஓடும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்த ஐந்தையும் உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்:

ஒரே லாரியில் இரண்டு ரகம், 300 மூட்டை, அதில் 12 ஈரம். 12-ஐத் தனி இடத்தில் இறக்க வேண்டும்.

பத்து மூட்டை கிழிந்து, புதுச் சாக்கில் மாற்றி ஒன்பதரை மூட்டை ஆகிறது.

ஓர் அட்டிக்குப் பூச்சி கொல்லும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடியிருக்கிறது. அந்த அட்டியிலிருந்து லோடு எழுதப் பார்க்க வேண்டும். மென்பொருள் மறுக்க வேண்டும். எச்சரித்துவிட்டு அனுமதிப்பது போதாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளைக் கொல்லும் வாயு. காற்றோட்டம் விட்டு, பொறுப்பானவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பூட்டு திறக்க வேண்டும். இந்த வசதி இல்லாத மென்பொருளை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்காதீர்கள்.

நெல் அரவைக்குப் போய் அரிசி, குருணை, தவிடு, உமி என்று திரும்புகிறது. நான்கின் எடையும் கழிவும் சேர்ந்து நெல் எடையோடு பொருந்த வேண்டும், கழிவு தனியாகத் தெரிய வேண்டும்.

லோடு பாதியில் கரண்ட் போகிறது, நெட்டும் போகிறது. கையிலுள்ள கருவியில் மீதி எண்ணிக்கையைத் தொடர முடிகிறதா? நெட் வந்ததும் ஒரே மூட்டை இரண்டு முறை ஏறாமல் சேர்கிறதா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாம் இணையத்தில்தான் என்கிற மென்பொருளை இங்கே வாங்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற குடோன் என்றால் ஆறாவதாக ஒன்று. குடோனில் வைத்த சரக்குக்குத் தரும் மின்னணு ரசீதின்மேல் கடன் வாங்கிய சரக்கு, கடன் தீராமல் வாசல் தாண்டக் கூடாது.

8. செலவும் ஒப்பந்தமும்

விலைப்பட்டியலில் பெரிதாகத் தெரிவது உரிமத் தொகை. அதே அளவுக்கு இன்னொரு தொகையை மற்றவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள்: அமைப்புக் கூலி, உங்களுக்காக மாற்றி எழுதும் வேலை, கருவிகள், வயரிங், பயிற்சி நாள்களில் ஆட்களின் சம்பளம், சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவரின் பயணமும் தங்கலும். ஆண்டுப் பராமரிப்பு பெரும்பாலும் உரிமத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் கேட்பார்கள். ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் உரிமக் கட்டணம் இல்லாத பதிப்பு உண்டு. ஆனால் அமைத்துத் தருகிறவருக்குக் கூலி உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது வரி. மென்பொருள் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மூன்று லட்சம் என்று பேசினால் கையை விட்டுப் போவது 3,54,000. மற்ற வியாபாரத்தில் அந்த 54,000-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் விற்பது நெல்லும் 26 கிலோ அரிசிச் சிப்பமும் மட்டும் என்றால் அவை வரியற்ற சரக்கு. அந்தத் தொகை திரும்பாது. 25 கிலோவும் அதற்குக் கீழும் பொதிந்து பெயர் அச்சிட்டு விற்கும் பங்குக்கு மட்டும் வரி உண்டு, அந்தப் பங்குக்கு மட்டும் உள்ளீட்டு வரியைக் கழிக்கலாம். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுங்கள்.

பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள். ஒப்பந்தத்தில் 30 சதவீதம், வெள்ளோட்டம் முடிந்ததும் 30, முழு ஓட்டத்தில் ஒரு மாதக் கணக்கு சரியாக மூடியதும் 30, குறுவை முடிந்தபின் 10. கடைசிப் பத்துக்காகத்தான் செப்டம்பரில் போனை எடுப்பார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம். ஒன்று, பராமரிப்பை நிறுத்தினாலும் உங்கள் தரவு முழுவதையும் எக்செலாக எடுக்கும் உரிமை. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சந்தா முடிந்ததும் திரை பூட்டிக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது? இரண்டு, பருவ காலத்தில் இரவு பத்து மணி வரை தமிழில் பேசும் உதவியாளர். நம் லோடு ஐந்து மணிக்கு முடிவதில்லை.

9. கருவிகள்

சாக்கில் ஸ்டிக்கர் நிற்காது. மூட்டைக்கு மூட்டை பார்கோடு ஒட்டும் யோசனையை விட்டுவிட்டு அட்டிக்கு ஓர் அட்டை தொங்கவிடுங்கள். சிப்ப அரிசிக்கு மட்டும் பை மேல் ஒட்டலாம். அட்டையை ரிப்பன் போட்டு அச்சிடும் பிரின்டரில் எடுங்கள். ரிப்பன் இல்லாத வெப்பக் காகிதம் தகரக் கூரை வெயிலில் மங்கிவிடும். தமிழில் அச்சிடச் சொல்லி "கொ", "கௌ", "ஸ்ரீ" மூன்றையும் பாருங்கள். பிரின்டரின் சொந்த எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். படமாக அனுப்பி அச்சிட்டால் சரியாக வரும்.

வைஃபையை குடோன் நிறைந்திருக்கும்போது சோதியுங்கள். காலியான குடோனில் மூலை வரை வரும் சிக்னல், நெல் ஏறியபின் இரண்டாவது அட்டியைத் தாண்டாது. வயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள், எலி விடாது. பிரின்டரும் கணினியும் கதவு மூடிய அறையில் இருக்கட்டும்.

எடைமேடையை இணைக்கப் போகிறீர்கள் என்றால், அதன் காட்சிப் பெட்டியின் பின்புறம் கணினியோடு இணைக்கும் ஆர்எஸ்-232 துளை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று முன்பே பார்க்கச் சொல்லுங்கள். முத்திரை வைத்த பகுதியை யாரும் திறக்கக் கூடாது.

10. தொடக்க இருப்பை எண்ணுதல்

லோடு இல்லாத ஒரு ஞாயிறு. வாசலைப் பூட்டுங்கள். இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். நோட்டில் என்ன எண் இருக்கிறது என்பதை எண்ணுகிறவர்களுக்குக் காட்டாதீர்கள். தெரிந்தால் கை தானாக அந்த எண்ணுக்கே போகும். இரண்டு குழுவும் ஒரே அட்டியைத் தனித்தனியாக எண்ணி, ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள்.

நீளம், அகலம், உயரம் பெருக்கி எழுதும் பழக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் 10-க்கு 8, 12 வரிசை, 960 மூட்டை. நடுவில் காற்றுக்காக விட்ட இடமோ உருவி எடுத்த பள்ளமோ இருந்தால் அது 900 கூட இருக்காது. ஒருவர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும், உயரம் ஒவ்வொரு மூலையிலும் சரிபார்க்க வேண்டும். இருபது மூட்டைக்கு ஒன்று வீதம் இறக்கி எடை போட்டு, ஈரம் பார்த்து எழுதுங்கள்.

நோட்டுக்கும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதை அன்றே மென்பொருளில் ஏற்றிவிடாதீர்கள். சரக்கின்மேல் வங்கிக் கடன் இருந்தால், போன மாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மென்டும் இந்தப் புது எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆடிட்டரை உட்கார வைத்து, எது ஈரக் குறைவு, எது சாக்கு, எது எழுத்துப் பிழை, எது உண்மையான இழப்பு என்று பிரித்து எழுதிய பிறகு ஏற்றுங்கள்.

11. ஆட்களும் முதல் மூன்று வாரமும்

பயிற்சியை அறையில் நடத்தாதீர்கள். வாசலில், உண்மையான லாரியோடு நடத்துங்கள். மூன்று நாள், நாளைக்கு இரண்டு லாரி போதும்.

லோடுமேன்களிடம் முதலில் பேச வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு, புதிதாக ஒருவர் கருவியோடு வந்து எண்ணினால் "கூலியைக் குறைக்கத்தான் இது" என்றே தோன்றும். அதில் தவறில்லை. ஒவ்வொரு லோடு முடிந்ததும் மூட்டை எண்ணிக்கையோடு ஒரு சீட்டு அச்சிட்டு மேஸ்திரி கையில் கொடுங்கள். "அண்ணே, எண்ணிப் பாருங்க, தப்பிருந்தா இப்பவே சொல்லுங்க" என்று கணக்குப்பிள்ளை கேட்கட்டும். இரண்டு வாரத்தில் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குவார்கள். உங்களுக்கும் இன்னொரு கண் கிடைக்கும்.

மூன்று வாரம் நோட்டும் ஓடட்டும், மென்பொருளும் ஓடட்டும். தினமும் மாலை ஐந்து அட்டியைக் குலுக்கிப் போட்டு எடுத்து, நோட்டு, திரை, நேரடி எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். தொடர்ந்து ஆறு நாள் மூன்றும் ஒத்துவந்தால் நோட்டை நிறுத்தலாம். ஒத்துவராவிட்டால் காரணத்தைத் தேடித் திருத்துங்கள், அதுவரை நிறுத்தாதீர்கள். ஆனால் அதை அந்த மூன்று வாரத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேல் இரண்டையும் இழுக்க வேண்டாம். இரட்டை வேலையில் ஆள் சலித்து, திரையைப் பார்த்து நோட்டை நிரப்ப ஆரம்பிப்பார். அப்புறம் ஒப்பிட்டுப் பயனில்லை.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள், காப்பு நகலை வேறு ஒரு கணினியில் ஏற்றித் திறக்கச் சொல்லுங்கள். நேற்றைய கடைசி லாரி அதில் தெரிய வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் இதை இன்னொரு முறை செய்துவிட்டு, செப்டம்பர் 1-க்கு வாசலைத் திறங்கள்.